பிரஷ் கழுவ அரை மணி நேரம்

மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டில் பெயிண்டருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்று வீட்டுக்கு வீடு அவசரம். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் சாரம் கட்டியிருக்கும். திண்ணையில் பட்டி கலக்கும் சத்தம், உப்புத்தாள் தேய்க்கும் தூசி, டர்பன்டைன் வாசம். தை பிறந்து வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு அதே தெருவின் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரியும். மயிர் விறைத்துக் கட்டையாகிப்போன நாலு இன்ச் பிரஷ், சுவரில் உருட்டிய பெயிண்டோடு அப்படியே இறுகிய ரோலர், பட்டி காய்ந்து தடித்துப்போன தகடு, அடியில் ஒரு விரற்கடை பெயிண்ட் மிச்சமிருக்கும் டப்பா. இவற்றில் பல ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் உழைத்தவை. இன்னும் நாலைந்து வீடு பார்த்திருக்க வேண்டிய சாமான்கள்.

சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தக் குப்பை இல்லை. அன்றைக்குப் பிரஷ் என்பது மட்டை. பனை மட்டையின் அடிப்பகுதியில் கிடைக்கும் தும்பைக் கட்டியும் செய்வார்கள். தாழை விழுதைத் துண்டாக வெட்டி, ஒரு முனையைத் தண்ணீரில் ஊறவைத்து நசுக்கி, நார் நாராகப் பிரித்தும் செய்வார்கள். பனந்தும்பு சாதாரணப் பொருளும் அல்ல. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுப் பிரஷ் கம்பெனிகளுக்குப் போன சரக்கு அது. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் போட்டு அடித்துவிட்டு, மட்டையை ஒரு வாளித் தண்ணீரில் அலசி இறவாணத்தில் செருகிவைத்தால் அடுத்த வருஷமும் அதே மட்டைதான். தேய்ந்து உதவாமல் போனால் அடுப்புக்கோ எருக்குழிக்கோ போகும். கழுவின தண்ணீரில் இருந்ததும் வெறும் சுண்ணாம்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு அது மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறிவிடும்.

இன்றைய எமல்ஷன் அப்படிப்பட்டதல்ல. தண்ணீரில் கரைகிறது, வாசம் குறைவு என்பதால் அது ஏதோ சாதுவான பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பாலில் மிதப்பது பொடிப்பொடியான அக்ரிலிக் பிசின், அதாவது பிளாஸ்டிக். கூடவே வெண்மைக்கு டைட்டானியம் டையாக்சைடு, டப்பாவுக்குள் கெட்டுப்போகாமலிருக்கக் கிருமிக்கொல்லி. சுவரில் தடவியதும் தண்ணீர் ஆவியாகிறது. பிசின் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இழைந்து ஒரே படலமாகிவிடுகின்றன. அப்படிச் சேர்ந்த பிறகு எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் திரும்பப் பிரியாது. மழையில் சுவர் கரையாமலிருப்பதற்கும், மத்தியானம் சாப்பிடப் போய் வந்தால் பிரஷ் கல்லாகிக் கிடப்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

ஆகவே பிரஷைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது காய்வதற்குள் கழுவியாக வேண்டும். இது எந்தப் பெயிண்டருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பிறகு ஏன் குப்பைக்குப் போகிறது?

விடை கூலி பேசும் முறையில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் பெயிண்டர் லேபர் கான்ட்ராக்டில் வருகிறார். பெயிண்ட், பட்டி, பிரஷ், ரோலர் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கித் தர வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. பிரஷைக் கழுவ அரை மணி நேரமாகும்; அந்த அரை மணிக்கு எந்தச் சதுர அடியும் கிடையாது. பிரஷும் அவருடையது அல்ல. வீட்டுக்காரருக்கோ சுவர் பளபளவென்று வந்துவிட்டது, இனி அந்தப் பிரஷ் நாலைந்து வருஷத்துக்குத் தேவையில்லை. ஆக, கழுவுவதால் லாபமடைகிற ஆள் அந்த இடத்தில் யாருமே இல்லை. பெயிண்டரின் சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்வது அநியாயம். காலையிலிருந்து அண்ணாந்து சீலிங் அடித்துத் தோள் இற்றுப்போன மனிதரிடம், கூலியில்லாத அரை மணி நேரத்தைத் தானமாகக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அதே பெயிண்டர் தன் சொந்தப் பிரஷை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். அனுபவமுள்ள ஒவ்வொரு பெயிண்டரின் பையிலும் பழகின பிரஷ் ஒன்று இருக்கும். ஜன்னல் ஓரம், சீலிங்கும் சுவரும் சேருமிடம் எல்லாம் கட்டிங் அடிப்பதற்கு அதுதான் வேண்டும் அவருக்கு. புதுப் பிரஷ் மயிர் உதிர்க்கும். அடித்த சுவரில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கொஞ்ச நாள் உழைத்த பிரஷில் உதிர வேண்டியது உதிர்ந்துபோய், முனை ஒருச்சாய்த்துத் தேய்ந்து, கோடு இழுத்தால் நூல் பிடித்ததுபோல் வரும். அதை அவர் யாருக்கும் இரவல் தருவதில்லை. வாங்கும் புதுப் பிரஷைக்கூட முதலில் பிரைமர் அடிக்கத்தான் எடுப்பார். உதிர்கிற மயிர் பிரைமரிலேயே உதிர்ந்துவிட்டால் மேல் கோட்டுக்கு அது பதமாகிவிடும். கழுவிப் பாதுகாத்த பழைய பிரஷ் புதியதைவிட நல்ல பிரஷ் என்பதற்குத் தொழில்காரர்களின் இந்தப் பழக்கமே போதும்.

பிரஷ் கெடுவது நுனியில் அல்ல, அடியில். மயிரும் தகரப் பட்டையும் சேருமிடத்தில் பெயிண்ட் ஏறிக் காய்ந்தால் மயிர் விசிறியாக விரியத் தொடங்கும். அதனால்தான் நல்ல கை உள்ளவர்கள் மயிரின் பாதிக்கு மேல் பெயிண்டில் முக்குவதில்லை. எமல்ஷனுக்கு முன் பிரஷை ஒருமுறை தண்ணீரிலும், எனாமலுக்கு முன் டர்பன்டைனிலும் நனைத்து உதறிவிட்டு ஆரம்பிப்பதும் இதற்காகவே. அடிப்பகுதியில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் பெயிண்ட் அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளாது.

அடுத்த நாளும் அதே நிறம் அடிக்கப் போகிறோம் என்றால் இராத்திரி கழுவவே வேண்டாம். எமல்ஷன் பிரஷையும் ரோலரையும் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றிவைத்தால் போதும், காலையில் ஈரமாகவே இருக்கும். எனாமலுக்கு இதைவிட அழகான ஒரு பழைய வழி உண்டு. பிரஷின் மயிர் மூழ்கும்படி அதைத் தண்ணீரில் தொங்கவிடுவது. எண்ணெய்ப் பெயிண்டைத் தண்ணீரில் போடுவதா என்று கேட்கத் தோன்றும். எனாமல் இறுகுவது முக்கியமாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது, எனாமலோ தண்ணீரில் கரைவதில்லை. காலையில் எடுத்து உதறி, துணியில் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம். ரசாயனம் படிக்காதவர்கள் கையனுபவத்தில் கண்டுபிடித்த ரசாயனம் இது.

வேலை முடிந்து கழுவும்போது பலர் செய்வது நேராகக் குழாயடியில் பிடிப்பது. பிரஷ் சுத்தமாகிவிடும், ஆனால் அதிலிருந்த பெயிண்ட் அத்தனையும் சாக்கடைக்கோ, மழைநீர் வடிகாலுக்கோ, கிணற்றடி மண்ணுக்கோ போகும். முதல் வேலை தண்ணீரே இல்லாமல் செய்ய வேண்டியது. பிரஷை டப்பாவின் விளிம்பில் அழுத்தி வழித்து, பிறகு பழைய செய்தித்தாளில் முன்னும் பின்னும் இழுத்து, வராது என்று ஆகும்வரை துடைக்க வேண்டும். ரோலரில் இது இன்னும் முக்கியம். ரோலரின் பஞ்சு குடித்து வைத்திருக்கும் பெயிண்டைப் பட்டித் தகட்டால் மேலிருந்து கீழே வழித்தால் டப்பாவுக்குள் திரும்ப வந்து விழும் அளவைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவார்கள். அது காசு கொடுத்து வாங்கிய பெயிண்ட். அடுத்த அறைக்கு உதவும்.

அதன்பின் மூன்று வாளி. முதல் வாளியில் முக்கால் அழுக்கு இறங்கும். இரண்டாவதில் கொஞ்சம் துணி சோப்பு போட்டு, மயிரின் அடிவரை விரலால் பிசைந்து கழுவ வேண்டும். மூன்றாவதில் அலசல். பிரஷை வளைத்துப் பிழியும்போது அடியிலிருந்து நிறம் வராமல் தெளிந்த தண்ணீர் வந்தால் வேலை முடிந்தது. பழைய சீப்பால் ஒருமுறை வாரி, உதறி, செய்தித்தாளில் வடிவம் குலையாமல் சுற்றி, கைப்பிடி ஓட்டையில் ஆணி கோத்துத் தொங்கவிட்டால் மறுபடி தேவைப்படும்போது புதுசு மாதிரி இருக்கும். மயிர் கீழே ஊன்றும்படி டம்ளரில் நிறுத்திவைப்பதுதான் பிரஷுக்குச் செய்யும் பெரிய கெடுதல். ஒருமுறை வளைந்த மயிர் லேசில் நிமிராது. மரக் கைப்பிடியை மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவதும் கூடாது. மரம் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும், தகரப் பட்டை கழன்று ஆடும்.

மிஞ்சியிருக்கும் அந்த முதல் வாளித் தண்ணீரை என்ன செய்வது? இங்கேதான் பழைய தமிழ் வீட்டுச் சாமான் ஒன்று கைகொடுக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் குடத்தில் படிகாரக் கட்டியைச் சுழற்றித் தெளியவைத்தது எல்லோருக்கும் தெரியும். ஓவியர்களுக்கான அக்ரிலிக் வண்ணம் தயாரிக்கும் கோல்டன் என்ற அமெரிக்க நிறுவனம், பிரஷ் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓவியர்களுக்குச் சொல்லித்தரும் முறையும் கிட்டத்தட்ட அதுவே. அலுமினியம் சல்ஃபேட்டைக் கரைத்து ஊற்று, பிறகு நீற்றிய சுண்ணாம்புத் தூளைச் சேர்த்துக் கலக்கு, படிந்ததை வடிகட்டு. தண்ணீரில் மிதக்கும் பிசின் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாகத் திரிகின்றன. அலுமினிய உப்பு அந்தத் தள்ளுவிசையைத் தணித்துவிடுகிறது. துகள்கள் திரண்டு தயிர்போல அடியில் படிகின்றன. படிகாரத்திலும் சுண்ணாம்பிலும் இருப்பது இதே சரக்குதான். தெளிந்த தண்ணீரை மெதுவாக இறுத்துக்கொண்டு அடுத்த பிரஷின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம். அடியில் நின்ற கசடைப் பழைய காகிதத்தில் கொட்டி வெயிலில் உலர்த்தினால் கெட்டியான பொருக்காகிவிடும். படிகாரம் கிடைக்காவிட்டால் வாளியை மூடி ஓரிரு நாள் அசைக்காமல் வைத்தாலே கனமான நிறத்தூளில் ஒரு பங்கு தானாக அடியில் படியும், முழுத் தெளிவு வராவிட்டாலும். எப்படியும் அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலோ காய்கறிச் செடிக்கோ ஊற்றக் கூடாது.

எனாமல் சமாச்சாரம் வேறு. கதவு, ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் எனாமல்தான் பெரும்பாலும். அதைக் கரைக்க டர்பன்டைன் வேண்டும். கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பைன் மரப் பாலிலிருந்து வருவதல்ல, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் டர்பன்டைன். ஒரு பிரஷுக்கு அரை லிட்டரை ஊற்றிக் கழுவி அப்படியே மண்ணில் கொட்டுவது வாடிக்கையாக நடக்கிறது. ஆனால் டர்பன்டைனைப் போல் திரும்பத் திரும்பப் பயன்படுகிற பொருள் பெயிண்ட் வேலையிலேயே வேறில்லை. கண்ணாடி ஜாடி ஒன்றில் கொஞ்சம் ஊற்றிப் பிரஷைக் கழுவி, அழுக்கானதை மூடி போட்டு வைத்தால் சில நாளில் பெயிண்ட் அடியில் படிந்து மேலே டர்பன்டைன் தெளிந்து நிற்கும். மேலே நிற்பதை இன்னொரு ஜாடிக்கு மாற்றினால் அடுத்த பிரஷுக்கு அதுவே முதல் கழுவல். கடைசி அலசலுக்கு மட்டும் புதியதில் ஒரு மூடி போதும். ஜாடியில் என்ன இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைப்பது உயிரோடு விளையாடுவது.

டர்பன்டைன் தீர்ந்துவிட்டது என்று வண்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி பிரஷ் கழுவுகிறவர்கள் உண்டு. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து, தள்ளியிருக்கும் அடுப்பையோ பீடி நெருப்பையோ தேடிப் போய்ப் பற்றும். எந்தப் பிரஷும் அந்த ஆபத்துக்கு ஈடில்லை. கையில் ஒட்டின எனாமலுக்கும் டர்பன்டைன் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்து சோப்புப் போட்டால் வந்துவிடும். வருஷக்கணக்காக டர்பன்டைனில் கை கழுவிய பெயிண்டர்களின் விரல் தோல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

துடைத்த துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதில்லை. ஆளிவிதை எண்ணெய் கலந்த மரப் பாலிஷ், எண்ணெய்ப் பெயிண்ட் இவற்றைத் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்தால், எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே தீப்பற்றும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் 1991 பிப்ரவரி 23 அன்று எரியத் தொடங்கியது இப்படித்தான். மரப் பலகைகளுக்கு மெருகேற்றிவிட்டு 22-ஆம் மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளிலிருந்து தீ கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். துணியை வெளியே கொடியில் விரித்துப் போட்டுக் காயவிட்டால் இந்த ஆபத்து இல்லை. சூடு சேர இடமில்லாமல் போய்விடும்.

பட்டித் தகட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை சிமெண்ட் பட்டி காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்தே இறுகுகிறது. ஆகவே தண்ணீர் வாளியில் போட்டுவைத்தாலும் விடாது. கையோடு வழித்துத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் துருவும் பிடிக்காது. கலக்கும்போதே கைக்கு வேண்டிய அளவு கலக்கினால் வீணாகும் பட்டியும் குறையும். ரோலரைக் கழுவிய பின் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் காயவைத்தால் பஞ்சு ஒரு பக்கம் அமுங்காது. பெயிண்ட் டிரேயில் காய்ந்த எமல்ஷனோ, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாளாக உரிந்துவிடும்.

ஏற்கெனவே கட்டையாகிப்போன பிரஷ் வீட்டில் கிடந்தால் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. எமல்ஷன் காய்ந்த பிரஷ் என்றால் வினிகரைச் சூடாக்கி, மயிர் மட்டும் மூழ்கும்படி அரை மணி நேரம் ஊறவைத்து, சீப்பால் அடியிலிருந்து நுனிக்கு வாரிப் பார்க்கலாம். பாதி பிரஷ்கள் மீளும், பாதி மீளாது. மீண்டவையும் மேல் கோட்டுக்கு உதவா. பிரைமருக்கும் கேட்டுக்கும் உதவும். எனாமல் இறுகிய பிரஷுக்காகப் பெயிண்ட் உரிக்கும் மருந்து வாங்குவதை யோசித்துச் செய்ய வேண்டும். அந்த வகை மருந்துகளில் சேர்க்கப்பட்டுவந்த மெத்திலீன் குளோரைடு பலர் உயிரைக் குடித்த பிறகு, பொதுமக்களுக்கு அதைச் சில்லறையில் விற்பதை 2019-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை தடைசெய்தது. ஒரு பிரஷை மீட்க அந்த விலை வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வீட்டின் கதவு, ஜன்னலில் இருக்கும் எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-இல்தான். அதற்கு முன் அடித்த பெயிண்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேய்த்து, அந்தத் தூசி படிந்த துணியையும் பிரஷையும் தனியாக வைப்பது நல்லது. இங்கே மறுபயன்பாட்டைவிட முன்னெச்சரிக்கைதான் பெரிது.

டப்பாக்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளி குளியலறையில், மாட்டுத் தொழுவத்தில், மொட்டை மாடித் தோட்டத்தில் என்று எங்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றுமட்டும்: எவ்வளவு கழுவினாலும் அதில் குடிதண்ணீரோ அரிசியோ மாவோ வைக்கக் கூடாது. அது உணவுக்கான பிளாஸ்டிக் அல்ல; உள்ளே இருந்த கிருமிக்கொல்லியும் உணவோடு சேர வேண்டிய பொருளல்ல.

எதற்கும் உதவாது என்று ஆனவை மிஞ்சத்தான் செய்யும். அவற்றைப் போகி நெருப்பில் போடுவது மோசமான முடிவு. நைலான் மயிரும் பிளாஸ்டிக் கைப்பிடியும் எரியும் புகை நேராகத் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயிண்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின, பேட்டரியையும் காலாவதியான மருந்தையும் போல. டர்பன்டைன் கசடு, உலர்ந்த பெயிண்ட் பொருக்கு, இறுகிய பிரஷ் இவற்றைச் சோற்றுக் குப்பையோடு கலக்காமல் தனியே கட்டி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பது அவர்களுடைய கைக்கும் மூச்சுக்கும் செய்யும் மரியாதை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த அரை மணி நேரம். அதைப் பெயிண்டரின் தலையிலும் கட்ட முடியாது, வீட்டுக்காரர் தானே கழுவிக்கொள்வார் என்று நம்பவும் முடியாது. விலை பேசும் அன்றைக்கே பேசிவிடுவதுதான் வழி. "அண்ணே, தினமும் சாயங்காலம் அரை மணி முன்னாடியே வேலையை நிறுத்திடுங்க. பிரஷ் கழுவுற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி போட்டுக்கங்க. வாளி மூணும் படிகாரமும் நான் எடுத்து வச்சிடறேன்" என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் எந்தப் பெயிண்டரும் மறுக்கப்போவதில்லை. வேலை முடிந்ததும் நல்ல பிரஷ் இரண்டை அவரிடமே கொடுத்துவிடலாம். நாலு வருஷம் பரணில் கிடப்பதைவிட அடுத்த வாரமே இன்னொரு சுவரில் அது உழைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் அறையிலேயே ஒரு பெட்டி வைத்து, கழுவிய ரோலர், நீளக் கம்பு, பட்டித் தகடு, தரையில் விரிக்கும் பழைய போர்வை எல்லாவற்றையும் போட்டுவைக்கலாம். மிச்சமான பெயிண்ட் டப்பாவின் மூடியை இறுக அடைத்து, மேலே நிறத்தின் எண்ணையும் எந்த அறைக்கு அடித்தது என்பதையும் வாங்கிய மாதத்தையும் எழுதிவைத்தால், ஆணி அடித்த இடத்தில் சுவர் பெயர்ந்தால் பூசுவதற்குப் புது டப்பா வாங்க வேண்டியிராது.